கிட்டங்கித் திடலில், மாலை ஐந்து மணிக்கு

மைக்கில் அறிவிப்புச் செய்கிறவர் பக்கத்து வீட்டில் குடியிருந்தால் காதுக்கு ஆயுள் தண்டனைதான். இருபத்திரண்டு வருஷமாக நான் அதை அனுபவித்து வருகிறேன். அவர் பெயர் சங்கிலிப்பாண்டி. ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின்சீட்டில் பேட்டரி, ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் மைக். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் பரிசோதனை முகாம், கட்சிக் கூட்டம், நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்கிற சேதி, எதுவானாலும் எங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் முதலில் அவர் வாயிலிருந்துதான் வரும். மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. வீட்டிலும் அதே தொண்டைதான். அவர்கள் வீட்டுக் குழம்பில் உப்பு கம்மி என்பது எனக்கு என் அடுப்படியில் இருந்தே தெரிந்துவிடும்.

நான் முப்பிடாதி. செங்கோட்டைப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் குப்பை வாங்கும் ஹரித கர்ம சேனையில் வேலை. பத்தாவது வரை தமிழில் படித்திருக்கிறேன். எங்கள் தெருவில் அது பெரிய சமாசாரம். சங்கிலிப்பாண்டி அண்ணன் இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் நாக்கில் இருக்கிறது, எழுத்தில் இல்லை. அதனால் அவருடைய தமிழ் அறிவிப்பையெல்லாம் எழுதிக் கொடுப்பது நான்தான். நான் எழுதியதை நானே வாசிக்க வேண்டும், அவர் அதை மலையாள எழுத்தில் இறக்கிக்கொள்வார். ஒரு நாளும் தேங்க்ஸ் சொன்னதில்லை. திருத்தம் மட்டும் சொல்வார்.

"எடம் எங்கே? நேரம் எங்கே? அதில்லாம என்ன அனௌன்ஸ்மெண்ட், முப்பிடாதி? மாப்பிள்ளை பேரு போடாம கல்யாணப் பத்திரிகை அடிச்ச மாதிரி இருக்கு."

அதுதான் அவருடைய வேதம். எதைச் சொன்னாலும் கடைசியில் இடமும் நேரமும் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் இஞ்சி மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கிக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில்தான் நடக்கும் என்பதால், பாதி அறிவிப்பு "கிட்டங்கித் திடலில், மாலை ஐந்து மணிக்கு" என்றே முடியும். தெருப் பிள்ளைகள் அவரைக் கண்டால் இதைச் சொல்லிக் கேலி செய்யும். அவர் ஐந்து மணிக்கு அங்கே இருக்கவே மாட்டார் என்பதுதான் வேடிக்கை. அடுத்த வேலைக்குத் தோப்பும்படியிலோ பள்ளுருத்தியிலோ சுற்றிக்கொண்டிருப்பார். கூப்பிடுவது அவர் வேலை. வந்தார்களா, வரவில்லையா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

அவருக்கு ஒரே மகள், மஞ்சுஷா. இருபத்தைந்து வயது. ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் வைத்த பெயர் அது. அண்ணன் மனைவி பொன்மணி மைனிக்கும் பிடித்துப்போனதால் அப்படியே நின்றுவிட்டது. மைனிக்கு போர்ட் கொச்சியில் ஒரு ஓட்டலில் சமையல்கட்டு வேலை. மஞ்சுஷா இஞ்சினீயரிங் படித்தாள், கம்ப்யூட்டர். படித்து முடித்து எல்லாப் பிள்ளைகளும் வேலைக்குப் போனபோது இவள் மட்டும் போகவில்லை. கூடப் படித்த ஜிதினும் இவளுமாகச் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்யப்போவதாகச் சொன்னார்கள். ஜிதினின் அப்பாவுக்கு, யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் பழம்பொருள் கடை. கடைக்கு மேலே உள்ள அறையில் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தார்கள், இரண்டரை வருஷம் உட்கார்ந்தார்கள்.

கேமின் பெயர் ‘ஜங்கார்’. போர்ட் கொச்சியிலிருந்து வைப்பின் தீவுக்கு வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகிற படகுக்கு இங்கே அதுதான் பெயர். கேமில் சுடுவது வெட்டுவது ஒன்றும் கிடையாது. ஜங்காரில் ஆட்களை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். கார் வரும், ஆட்டோ வரும், மீன் கூடை வரும், கல்யாண வீட்டுக் கூட்டம் வரும், ஒரு ஆடு வரும், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு நாத்தனார்கள் வருவார்கள். யாரை யாருக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்று யோசித்து, ஒன்றரை நிமிஷத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் மீன் கூடையை வைத்தால் சண்டை வரும், படகு நகராது. தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் கப்பல் போகிற நேரமென்றால் அலையடித்து எல்லாம் சரியும். நான் ஒருநாள் ஆடிப் பார்த்து, அடுப்பில் வைத்த சோற்றை அடி பிடிக்க விட்டேன். நல்ல கேம். இதைச் சொல்ல எனக்கு இஞ்சினீயரிங் தேவையில்லை.

நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் பிரச்சினை. கம்ப்யூட்டர் கேம் விற்பதற்கென்றே இணையத்தில் ஒரு பெரிய கடை இருக்கிறதாம். அதில் ஆயிரக்கணக்கான கேம்கள். வருஷத்தில் சில தடவை, புதிதாக வரப்போகும் கேம்களின் மாதிரியை ஒரு வாரம் எல்லோரும் சும்மா ஆடிப் பார்க்கலாம். பிடித்தவர்கள் ‘விருப்பப் பட்டியலில்’ சேர்ப்பார்கள். நிறையப் பேர் சேர்த்தால் கடையே அதை எடுத்து முன்வாசலில் வைக்கும். இல்லாவிட்டால் கிட்டங்கியின் பின்மூலையில் போட்ட மூட்டை மாதிரி அது அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

அந்த ஒரு வாரம் போன பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை தொடங்கியது. அதே சமயம் மஞ்சுஷாவுக்கு பெங்களூரில் ஒரு கம்பெனியிலிருந்து வேலைக் கடிதமும் வந்துவிட்டது. வருகிறேன் அல்லது வரவில்லை என்று புதன்கிழமைக்குள் பதில் போட வேண்டும். மைனி மகளிடம் கறாராகப் பேசினாள்.

"எத்தனை பேரு சேர்த்தா உன் கேம் கரை சேரும்?"

"அஞ்சாயிரம் ஆனா பயமில்லம்மா, பேடிக்க வேண்டாம்."

"புதன்கிழமைக்குள்ள அஞ்சாயிரம் பேரு சேர்த்தா நீ இஷ்டம்போல இரு. இல்லேன்னா பெங்களூருக்குப் பொட்டியக் கட்டு. ரெண்டரை வருஷம் நான் வாயத் திறக்கல. இனி திறப்பேன்."

மஞ்சுஷா சரி என்றாள். சொன்ன சொல்லை மாற்றுகிற பெண் இல்லை அவள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் பாதி அவர்களோடு காலேஜில் படித்தவர்கள். கேம் ஆடிக் காட்டுகிறவர்கள், கேம் பற்றி எழுதுகிறவர்கள் என்று ஜிதின் நூற்று நாற்பது பேருக்கு இங்கிலீஷில் கடிதம் அனுப்பியிருந்தான். இரண்டு பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேரும் பிறகு பார்க்கிறோம் என்றார்கள். மஞ்சுஷா சோறு இறங்காமல் அலைந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சங்கிலிப்பாண்டி அண்ணன் பேப்பரும் பேனாவுமாக என் வாசலில் வந்து நின்றார்.

"முப்பிடாதி, எம்மோளோட கேமுக்கு ஒரு தமிழ் அனௌன்ஸ்மெண்ட் எழுது."

"அண்ணே, அது உலகம் பூரா விக்கிற சாதனம். நீங்க சுள்ளிக்கல்லுல போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? நம்ம தெருவுல எத்தனை வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு?"

"உலகத்துக்குத் தெரியணும்னா மொதல்ல மட்டாஞ்சேரிக்குத் தெரியணும்ல. ஊரு பூரா உள்ள மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். எம்மோளுக்கு நான் கத்தக் கூடாதா?"

பேப்பரை வாங்கினேன். எழுதினேன். ‘பெரியோர்களே, தாய்மார்களே, நம் தெருப் பிள்ளை மஞ்சுஷா உருவாக்கிய ஜங்கார் என்னும் கம்ப்யூட்டர் விளையாட்டை அனைவரும் ஆடி ஆதரவு தாரீர்’ என்று நாலே வரி. இடமும் நேரமும் போடவில்லை. அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சாதனம், அதற்கு ஏது இடம், ஏது நேரம்? அவரும் அன்று அதிசயமாகத் திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஒரு மிக்ஸி விற்பனைக்குத்தான் போலீஸில் மைக் அனுமதி வாங்கியிருந்தார். மிக்ஸிக்கு நடுவிலேயே மகளின் கேமையும் ஓட்டிவிட்டார். சாயங்காலம் நான் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வளைவில் திரும்புகிறது, என் நாலு வரியும் வருகிறது, அடுத்த மூச்சில் அவருடைய நாக்கு பழகிய தடத்தில் தானாகவே ஓடுகிறது: "…அனைவரும் ஆடி ஆதரவு தாரீர்! நாளை ஞாயிற்றுக்கிழமை, கிட்டங்கித் திடலில், மாலை ஐந்து மணிக்கு! வாரீர், வாரீர்!"

குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவை மறித்தேன்.

"அண்ணே, என்ன சொன்னீங்க?"

"நீ எழுதுனதத்தான்."

"அதுக்கப்புறம்?"

அவர் மைக்கை அணைத்தார். முகம் வெளிறிப்போனது. "எத்தர தெருவுல சொன்னேன்னு ஓர்மை இல்லையே" என்றார். எல்லாத் தெருவிலும் சொல்லியிருந்தார்.

மஞ்சுஷா அன்று அவரோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வாயைத் திறந்தாள். "எனக்குப் பணி தரணும்னே, என்னை மாட்டிவிடணும்னே எறங்கியிருக்கீங்களா அப்பா? அவிடே ஆளு வந்து நின்னா நான் என்னத்தக் காட்டுவேன்? இருக்குறது ஒரு லேப்டாப்பு." வீட்டில் அவர் குரல் கேட்காத நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நாலே முக்காலுக்கு நான் திடலுக்குப் போய்ப் பார்த்தேன். யாரும் வந்திருக்கக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டுதான் போனேன். இருநூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு என்ன என்றே தெரியவில்லை. மருத்துவ முகாம் என்று நினைத்து ஒருவர் பழைய சீட்டோடு வந்திருந்தார். மீன் விற்கிற நீலாம்பாள் அக்கா கூடையோடு உட்கார்ந்து, "எப்ப தொடங்கும்? எனக்கு மீன் கெட்டுப்போகும்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஜிதினுக்குப் போன் போட்டேன். அவன் கத்தவும் இல்லை, கலங்கவும் இல்லை. "சேச்சி, ஒரு இருபது நிமிஷம் அவங்களப் பிடிச்சு நிறுத்துங்க" என்றான். கிளப்பு நடத்துகிற ரமேஷ்பாபுவிடம் ஓடி, உலகக் கோப்பை கால்பந்து காட்டுகிற வெள்ளைத் திரையையும் புரொஜக்டரையும் வாங்கிவந்தான். கிட்டங்கிச் சுவரில் திரை ஏறியது. மஞ்சுஷா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் வந்தாள். கேமை ஓடவிட்டாள். திரையில் ஜங்கார் வந்து படகுத்துறையில் ஒட்டியது. கூட்டம் சும்மா பார்த்தது. யாரும் முன்னால் வரவில்லை.

அப்போதுதான் சங்கிலிப்பாண்டி அண்ணன் ஆட்டோவைத் திடலுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். மைக்கை எடுத்தார். "முதலில் ஆட வருகிறார், மட்டாஞ்சேரியின் பெருமை, மீன் வியாபாரி நீலாம்பாள்!" என்றார். நீலாம்பாள் அக்கா, "எடே, என்னையா?" என்றாள். ஊரே கைதட்டியதால் எழுந்து போனாள். மவுஸை மீன் பிடிக்கிற மாதிரிப் பிடித்தாள்.

"இதோ, நாத்தனார் ஏறிவிட்டார்! கார் ஏறிவிட்டது! ஆட்டைத் தூக்குகிறார் நீலாம்பாள்... எங்கே வைக்கப்போகிறார்? எங்கே? கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்திலா? வேண்டாம் அக்கா, வேண்டாம்! மாலையைப் பாருங்கள்! வைத்துவிட்டார்! மாலையைத் தின்கிறது ஆடு! ஜங்கார் நகராது, நகராது, நகரவே நகராது!"

தமிழும் மலையாளமும் மாறிமாறி, தேர்தல் முடிவு சொல்கிற வேகத்தில் வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நீலாம்பாள் அக்கா விடவில்லை. "இன்னொரு தடவை போடு மோளே, அந்த ஆட்டை நான் பார்த்துக்கிடுதேன்" என்றாள். அவளுக்குப் பிறகு வரிசை நின்றது. ஏழரை மணி வரைக்கும் நின்றது. ஹரித கர்ம சேனை வேலைக்கென்று வைத்திருக்கிற போனில் நான் அதைப் படம் பிடித்தேன்.

எல்லோரும் கலைந்தபிறகு அண்ணன் ஆட்டோப் படியில் உட்கார்ந்திருந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"முப்பிடாதி, நான் கூப்பிட்டு ஆளு வந்ததை நான் இன்னைக்குத்தான் பார்க்கேன்" என்றார். திட்டத்தான் போனேன், ஆட்டோவில் கிடந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வீடியோவில் நீலாம்பாள் அக்கா ஆடுகிற ஒன்றே முக்கால் நிமிஷத்தை மட்டும் வெட்டி, கீழே இங்கிலீஷில் எழுத்துப் போட்டு வெளியிடலாம் என்றான் ஜிதின். மஞ்சுஷா வேண்டாம் என்றாள்.

"கேமை யாரும் பார்க்க மாட்டாங்க. நம்ம தெருவைப் பார்த்து, அப்பாவைப் பார்த்துச் சிரிப்பாங்க."

காலேஜில் அவள் அப்பாவுக்கு விளம்பர வேலை என்று சொல்லியிருந்தாள். பொய் இல்லைதான். ஆனாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"சிரிச்சா என்னடி? ஆடு மாலையத் திங்கிற கேமை நீ அழுறதுக்கா பண்ணுன? இருநூறு பேரு இன்னைக்குச் சிரிச்சாங்களே, அது உங்கப்பாவைப் பார்த்தா, உன் ஆட்டைப் பார்த்தா?"

அவள் என்னை முறைத்தாள். பிறகு அந்த வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டாள். இரண்டாவது தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போடு" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஸ்டேஷனில் அண்ணனைக் கூப்பிட்டு, மிக்ஸி அனுமதியில் கேம் விற்றதற்காக ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். அதே நேரத்தில் விருப்பப் பட்டியலில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. செவ்வாய்க்கிழமை சென்னையில் கேம் ஆடிக் காட்டுகிற ஒருவர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, ஜங்காரை மூன்று மணி நேரம் ஆடினாராம். ஆடிக்கொண்டே அண்ணன் மாதிரிக் கத்தினாராம். பார்த்தவர்கள் எல்லோரும், அந்த மைக்செட்காரர் குரல் கேமில் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். குரல் இல்லை. ஆனால் பட்டியல் ஏறியது.

புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மூவாயிரத்து எண்ணூற்று அறுபது. ஐந்தாயிரம் இல்லை. மஞ்சுஷா பெங்களூர்க் கம்பெனிக்கு, வருகிறேன் என்று கடிதம் அடித்து வைத்துவிட்டு, அனுப்புகிற பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "சொன்னது சொன்னதுதான் அத்தை" என்றாள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைனி ஓட்டலிலிருந்து வந்தாள். பையை வைத்தாள், முகம் கழுவினாள், திரையில் இருந்த எண்ணைக் கேட்டாள். ஜிதின் சொன்னான்.

"போன வெள்ளிக்கிழமை எத்தனை?"

"நானூத்திப் பன்னெண்டு, ஆன்ட்டி."

மைனி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மகளிடம் சொன்னாள்: "புதன்கிழமைன்னுதான் நான் சொன்னேன். எந்தப் புதன்கிழமைன்னு சொன்னேனா? நேரம் தெளிவாச் சொல்லாத அனௌன்ஸ்மெண்ட் செல்லாதுன்னு இந்த மனுஷன் எத்தனை வருஷமா கத்துறாரு. உனக்குக் காது கேக்கலையா? அந்தக் கடிதாசியை அழிச்சிட்டு, வரலைன்னு வேற எழுது."

மஞ்சுஷா அப்போதுதான் அழுதாள். மைனி அதைக் கண்டுகொள்ளாமல் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள்.

அடுத்த புதன்கிழமை வருவதற்குள் ஐந்தாயிரம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு நான் எண்ணிக்கை கேட்பதை விட்டுவிட்டேன். கேமில் அண்ணன் குரலைச் சேர்ப்பது என்று முடிவானது. ஜூ டவுன் அறையில் மெத்தையெல்லாம் சாத்தி, சத்தம் வராமல் செய்து, அவரை உட்கார வைத்தார்கள். அவருக்குக் குரலே வரவில்லை. எதிரில் தெரு இல்லாமல் அவருக்குப் பேச வராது. ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். கீழே சுற்றுலாக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் மடை திறந்துவிட்டது. மூன்று நாள் பேசினார்.

கேம் திறந்ததும் வரவேற்கிற முதல் வரியும் அவர் குரல்தான். அதை நான்தான் எழுதினேன். ‘ஜங்காருக்கு அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்.’ எட்டுத் தடவை பதிவு செய்தார்கள். எட்டுத் தடவையும் கடைசியில், "ஞாயிற்றுக்கிழமை, மட்டாஞ்சேரி கிட்டங்கித் திடலில், மாலை ஐந்து மணிக்கு" என்று சேர்த்தார். அது இல்லாமல் அவரால் மூச்சை நிறுத்த முடியவில்லை. ஜிதின் அதை வெட்டப்போனான்.

"வேண்டா, கெடக்கட்டும்" என்றாள் மஞ்சுஷா.

"யாராவது உண்மைன்னு நினைச்சு வந்து நின்னா?" என்றேன் நான்.

"கொரியாவுல ஆடுறவன் மட்டாஞ்சேரிக்கா வரப்போறான், அத்தை?"

கேமின் கடைசியில் பெயர்கள் ஓடும். அதில் ‘குரல்: சங்கிலிப்பாண்டி, மைக் அனௌன்ஸ்மெண்ட், மட்டாஞ்சேரி’ என்று மூன்று மொழியில் போட்டிருக்கிறாள். தமிழில் எழுதிக் கொடுத்தது நான். என் பெயரும் இருக்கிறது, அவருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில். அதைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்கிறேன் என்று மஞ்சுஷாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்டில் கேம் வெளிவந்தது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ரேஷன் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கிட்டங்கித் திடலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். முதுகில் பை. கிட்டங்கியின் பூட்டிய கதவைப் பார்ப்பதும் வாட்சைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அந்தப் பெண் என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, நாங்க கோயம்புத்தூர்ல இருந்து வர்றோம். இவர் புனே. இங்க அஞ்சு மணிக்குன்னு கேம்ல சொன்னாங்க. சும்மாதான் சொல்றாங்களோன்னு நினைச்சோம். இருந்தாலும் ஒரு தடவை வந்து பார்த்துரலாம்னு..."

அரிசிப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். அண்ணன் கைலியோடு ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆளு வந்திருக்கு."

"எந்தக் கடைக்காரன்?"

"கடைக்காரன் இல்ல. நீங்க கூப்பிட்ட ஆளு. கேம்ல கூப்பிட்டீங்கள்ல, அந்த ஆளு. மூணு பேரு. திடல்ல நிக்காங்க."

கையில் இருந்த குழாயை அப்படியே போட்டார். தண்ணீர் தெருவெல்லாம் ஓடியது. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பட்டன் மாறிப்போட்டிருந்தார். ஓட்டமும் நடையுமாகத் திடலுக்குப் போய், அவர்களுக்கு முன்னால் நின்றார். அந்தப் புனேக்காரன் அவரை உற்றுப் பார்த்தான். குரலைக் கேட்கக் காத்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

அண்ணனுக்கு வாய் திறக்க நேரமாயிற்று. திறந்தபோது, ஊரையே எழுப்புகிற அந்தத் தொண்டையிலிருந்து அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்காத குரல்தான் வந்தது.

"வாங்க" என்றார். "அஞ்சு நிமிஷம் தாமசமாயிட்டுது. மன்னிக்கணும்."